இந்தக் கை பைன்டாப்புடைய கையா?

பழைய_இசைத்தட்டு:
நேற்று விற்பனைக்கு வந்த படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ப்ளூஸ் பியானோக்காரர் பைன்டாப் பெர்க்கின்ஸ் வாசிப்பதுபோல அக்ரிலிக் ஓவியம். 24-க்கு 36 அங்குலம், விலை 1,800 டாலர். கீழே "பூகி-வூகியைப் பிறப்பித்த அந்த இடது கை உங்கள் வீட்டுச் சுவரில்" என்று எழுதியிருக்கிறார்கள். பூகி-வூகி என்றால் இடது கை ஒரே தாளத்தை ஓயாமல் சுழற்றி வாசிக்கும் ப்ளூஸ் பியானோ பாணி. படத்தில் இடது கை முறம் மாதிரி விரிந்து, தாழ்ந்த சுரம் வரும் பேஸ் பக்கத்துக் கட்டைகளை அமுக்குகிறது. வலது கை சும்மா காற்றில் நிற்கிறது. 1940-களில் ஆர்கன்சா மாநிலத்து ஹெலெனாவில் ஒரு நடனக்காரி கத்தியால் வெட்டி, அந்த இடது கை நரம்பு அறுந்துபோன மனுஷன் அவர். கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர் அதனால்தான் கிட்டாரையே விட்டார். அந்தக் கையை இப்படி வரைய எப்படி மனசு வந்தது?

ஓவியச்_சந்தை:
படத்தை விற்பது நான்தான். வரைந்தவர் என் நண்பர், ஆறு மாத உழைப்பு. பிடிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள். எழுதியதைக் கிண்டினால் சரி, வரைந்தவரின் மனசைக் கேள்வி கேட்க நீங்கள் யார்?

டெல்டா_ரசிகன்:
இசைத்தட்டு அண்ணே, கிட்டாருக்குக் கம்பியை அழுத்திப் பிடிக்கணும், விரல் நுனியில் பலம் வேணும். பியானோவுக்கு அது வேண்டாம். கத்தி பட்ட பிறகு 1953-ல் மெம்பிஸில் சாம் பிலிப்ஸ் ஸ்டுடியோவில் அவர் பூகி பதிவு செய்திருக்கிறார். இடது கை இல்லாமல் பூகி எங்கிருந்து வரும்?

பழைய_இசைத்தட்டு:
அது கிட்டார்காரர் ஏர்ல் ஹூக்கரோடு ஊர் ஊராகச் சுற்றிய காலம், தம்பி. பக்கத்தில் கிட்டார் இருந்தது. 1969-ல் பியானோக்காரர் ஓட்டிஸ் ஸ்பான் விலகியபின் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் குழுவுக்கு வந்தாரே, அங்கேயும் பேஸ் வாசிக்கத் தனி ஆள் இருந்தார். இவருடைய அழகெல்லாம் வலது கையில். மேலே மழைத்துளி மாதிரி சொட்டும் அந்த வாசிப்பை இருபத்தைந்து வருஷமாகக் கேட்கிறேன். அந்த வலது கையைத்தான் ஓவியர் வேலையில்லாமல் தொங்கவிட்டிருக்கிறார்.

கரிசல்காரி:
ஒரு நிமிஷம். பூகி-வூகி என்று எதைச் சொல்கிறீர்கள்? அந்த இடது கைச் சுழற்சியையா, பாட்டையா? "பைன்டாப்ஸ் பூகி-வூகி" என்ற பாட்டு என்றால் அது இவருடையதே இல்லை. 1928 டிசம்பரில் சிகாகோவில் பதிவு செய்தவர் கிளாரன்ஸ் பைன்டாப் ஸ்மித். மூன்று மாதத்தில், 1929 மார்ச்சில், ஒரு நடனக்கூடத்தில் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனார், வயசு 24. அவர் பாட்டை வாசித்து வாசித்துத்தான் பெர்க்கின்ஸுக்கு அந்தப் பெயரே ஒட்டியது. "பிறப்பித்த" என்ற வார்த்தையே தப்பு.

ஓவியச்_சந்தை:
விளம்பரத்தில் பாட்டு என்று எழுதவில்லையே. கை என்றுதான் எழுதினேன்.

பழைய_இசைத்தட்டு:
கை என்று எழுதியதுதான் தப்பு என்கிறேன்! ஸ்மித் கதையை அப்புறம் பார்க்கலாம் அம்மா. கை, கை, அந்த இடது கை. படத்தைப் பெரிதாக்கி மணிக்கட்டைப் பாருங்கள். வெள்ளைச் சட்டைக் கஃப் வழுக்கிக் கீழே இறங்கியிருக்கிறது, முன்கை முழுக்கத் தெரிகிறது. ஒரு கீறல் உண்டா? ஒரு தழும்பு?

வயிற்றுக்கு_வைத்தியர்:
நரம்பு இல்லை, தசைநாண். நரம்பு அறுந்திருந்தால் விரல் மரத்துப்போகும், தசைநாண் அறுந்தால் விரல் மடங்காது. இரண்டும் வேற.

பழைய_இசைத்தட்டு:
நரம்போ நாணோ, அறுந்தது இடது கையில்தானே, டாக்டர்? ஊரில் எல்லாரும் நரம்பு என்றுதான் சொல்வார்கள்.

வயிற்றுக்கு_வைத்தியர்:
எல்லாரும் சொன்னால் சரியாகிவிடுமா? அடுத்தவர் எழுதியதில் தப்புப் பிடிக்க வந்தவர் முதலில் தன் வார்த்தையைத் திருத்திக்கொள்ளட்டும்.

டெல்டா_ரசிகன்:
சரியாகப் பிடித்தீர்கள் டாக்டர்! அண்ணனுக்கு எப்பவும் இதே வேலை. போன வருஷம் மடி வாட்டர்ஸ் படத்துக்கும் இதே மாதிரி ஒரு வாரம் இழுத்தார். ஒரு மோதிரத்துக்காக.

பழைய_இசைத்தட்டு:
அந்த மோதிரம் தப்பு. இன்றைக்கும் தப்பு. அன்றைக்கும் நீதான் விற்பவருக்கு வக்காலத்து வாங்கினாய், இன்றைக்கும் நீதான். உனக்கு இதில் பங்கு உண்டா?

டெல்டா_ரசிகன்:
வார்த்தையை அளந்து பேசுங்கள். ஒரு பைசா கிடையாது. எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கும், அவ்வளவுதான். 91 வயசில் ஓட்டிய காரை ரயில் இடித்தும் பிழைத்துவந்தவர். 97 வயசில், 2011 பிப்ரவரியில், கிராமி இசை விருது வாங்கினார். அதுவரை கிராமி வாங்கியவர்களிலேயே வயசில் மூத்தவர் அவர்தான். மறுமாதமே ஆஸ்டினில் போய்ச் சேர்ந்தார். அப்படிப்பட்டவரை நொண்டிக் கைக்காரராக வரையச் சொல்கிறீர்களா?

பழைய_இசைத்தட்டு:
நொண்டி என்று நான் சொல்லவே இல்லை. வாயில் வார்த்தையைத் திணிக்காதே. கை போன பிறகும் துவண்டு உட்காராமல் பியானோவில் இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார் பார், அதுதான் பெருமை. மிசிசிப்பி பெல்சோனியில் பிறந்த ஏழைப் பையனுக்கு அந்த வெட்டுத்தான் வாழ்க்கையையே மாற்றியது. அதை அழித்துவிட்டு மல்யுத்தக்காரன் கையை ஒட்டவைத்தால் அது வேறு யாரோ ஒருவர். தொப்பி மட்டும்தான் பைன்டாப்.

கரிசல்காரி:
இன்னொன்றையும் பாருங்கள். இடது கைக்குப் பக்கத்தில் கறுப்புக் கட்டைகள் மூன்று, மூன்று, மூன்று என்று போகின்றன. பியானோவில் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்றுதான் வரும். வரைந்தவர் பியானோ முன்னால் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

ஓவியச்_சந்தை:
அது ஓவியம் அம்மா, புகைப்படம் இல்லை. கட்டையை எண்ணுகிறவர்கள் இசைக்கருவிக் கடைக்குப் போகலாம். 1,800 என்பது கான்வாஸ், சட்டம் எல்லாம் சேர்த்து. நேற்றே இரண்டு பேர் விலை கேட்டுவிட்டார்கள்.

வயிற்றுக்கு_வைத்தியர்:
1,800 கொடுக்கிறவருக்குக் கட்டையாவது சரியாக இருக்க வேண்டாமா?

பழைய_இசைத்தட்டு:
கட்டையை விடுங்கள், கட்டையைத் திருத்திவிடலாம். விலை கேட்ட அந்த இரண்டு பேரிடமும் இடது கையைப் பற்றிச் சொன்னீர்களா?

ஓவியச்_சந்தை:
என் வாடிக்கையாளரிடம் என்ன பேசினேன் என்று உங்களிடம் ஒப்பிக்க வேண்டுமா?

டெல்டா_ரசிகன்:
அந்த 1953 பதிவை இன்னொரு தடவை போட்டுக் கேளுங்கள் அண்ணே. ஹெட்போன் மாட்டிக்கொண்டு. இடது கை மட்டும்.

பழைய_இசைத்தட்டு:
நேற்று ராத்திரி நான்கு தடவை கேட்டேன். நான் சொன்னதில் மாற்றமில்லை. முதலில் நீ அந்த மணிக்கட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாயா இல்லையா, அதைச் சொல்.