மறு: தண்ணீர் புகுந்த பழைய வீடு – சுவர் காயுமுன் பூச வேண்டாம்

அன்புள்ள உறவுகளே,

குழுவில் தனித்தனியாக வந்த கேள்விகளுக்கு ஒரே மடலில் பதில் எழுதுகிறேன். சுண்ணாம்புக் காரையில் செங்கல்லோ கல்லோ வைத்துக் கட்டி, மர உத்திரம் போட்ட தடித்த சுவர் வீடுகளுக்கான குறிப்புகள் இவை. கான்கிரீட் தூண் எழுப்பிக் கட்டிய வீட்டுக்கு இதில் பாதி பொருந்தாது. நம்மில் பலர் தொலைவில் இருந்துகொண்டு போனில் சொல்லித்தான் வேலை வாங்குகிறோம். அதனால், வேலைக்கு வருபவர் எதைச் சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

> தண்ணீர் வடிந்துவிட்டது. உள்ளே போய்ச் சுத்தம் செய்ய ஆரம்பிக்கலாமா?

முதலில் மின்சாரம். மெயின் சுவிட்சை இறக்கியதோடு விட்டுவிடக் கூடாது. இன்வெர்ட்டர், சோலார் இரண்டும் தனி வழியில் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அவற்றையும் நிறுத்த வேண்டும். மெயின் போர்டைத் தொட ஈரத்தில் நிற்க வேண்டுமென்றால் தொடவே வேண்டாம், வெளியிலிருந்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். மூழ்கிய சுவிட்ச், சாக்கெட், எம்.சி.பி. (மின்சாரம் மிகுந்தால் தானாக விழும் சுவிட்ச்) எதையும் துடைத்துக் காயவைத்து மறுபடி மாட்டக் கூடாது. உள்ளே தங்கிய சேறும் உப்பும் ஈரத்தை இழுத்துப் பிறகு கசிவை உண்டாக்கும். குழாய்க்குள் ஓடும் ஒயரிலும் தண்ணீர் தங்கும். இணைப்புக் கொடுக்குமுன் ஒவ்வொரு சர்க்யூட்டையும் 500 வோல்ட் மெக்கரில் (ஒயரில் மின்கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) சோதிக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த சர்க்யூட்டுக்கு இணைப்பு கிடையாது. "ஃபேன் சுத்துது, லைட் எரியுது" என்று எலக்ட்ரீஷியன் சொன்னால், மெக்கர் அளவு எவ்வளவு என்று கேளுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் வயிறு தள்ளித் தொங்கினால் அதன் கீழே யாரும் போகக் கூடாது. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. ஓரமாக நின்று, நீளமான மரக் கம்பின் முனையால் சின்னத் துளை போட்டு வடிய விட வேண்டும்.

சேற்றை ஈரமாக இருக்கும்போதே வழித்துவிடுங்கள். காய்ந்தால் கெட்டிப்படும், சுரண்டும்போது பழைய தளமும் சேர்ந்து வரும். சாக்கடை கலந்த வெள்ளம் என்றால் நனைந்த மெத்தை, தலையணை, கம்பளம், துகள் பலகை எதையும் காப்பாற்ற முயல வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், தண்ணீர் ஏறிய உயரம் தெரியும்படி ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காப்பீட்டுக்கு உதவும், பின்னால் பூச்சு தட்டும் அளவை முடிவு செய்யவும் அதுவே வேண்டும்.

நிலவறை இருந்தால் ஒரே மூச்சில் பம்ப் போட்டு இறைக்காதீர்கள். வெளியே மண் நனைந்து கிடக்கும்போது உள்ளே காலியானால், மண்ணின் அழுத்தத்தைத் தாங்க எதிர்ப்பக்கம் எதுவும் இருக்காது; சுவர் உள்ளே தள்ளிக்கொண்டு வரும். ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு இறைத்து, இரவில் தண்ணீர் மறுபடி ஏறுகிறதா என்று குறித்துப் பார்க்க வேண்டும். ஏறினால் பொறுத்திருங்கள்.

> கொத்தனார் ஒரு வாரத்தில் பழைய பூச்சைத் தட்டிவிட்டு சிமெண்ட் பூசி, வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். வெள்ளம் செய்யாத சேதத்தை இந்த வேலை செய்துவிடும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி, முகப்பு வழியாக வெளியே விட்டே வாழ்கிறது. சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்டும் அந்த முகப்பை அடைத்துவிடும். உள்ளே மாட்டிய நீர் மேலே ஏறி, சிமெண்ட் முடியும் இடத்தில் வெளியே வரும். முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் இடுப்புயரத்துக்குப் போவது இப்படித்தான். வெளியேற வழியே இல்லாவிட்டால், அடைபட்ட உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும்.

எவ்வளவு நாள் காய வேண்டும்? 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது அனுபவக் கணக்கு. 230 மி.மீ. சுவருக்கு ஒன்பது மாதம், 350 மி.மீ. சுவருக்கு ஒரு வருடத்துக்கு மேல். இரு பக்கமும் திறந்திருந்து காற்று ஓடினால் குறையும், ஒரு பக்கம் அடைபட்டிருந்தால் கூடும். அந்தக் காலம் முழுவதும் வீட்டைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. சுவரைப் பூசாமல் விட்டுக் குடியிருக்கலாம்.

எதைத் தட்டுவது, எதை விடுவது? விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சு கணீரென்று கேட்டால் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் காய்ந்து மீண்டுவிடும். பொத்தென்று வெற்றொலி வந்தால் அந்த இடத்தை மட்டும் எடுக்கலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் புட்டியும் ஊறினால் தேறாது, எடுத்துவிட வேண்டும். பிற்பாடு யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் வெள்ளக் கோட்டுக்கு மேலே 50 செ.மீ. வரை தட்ட வேண்டும். உளியும் சிறு சுத்தியலும் போதும், உளியைச் சாய்த்துப் பிடித்துத் தட்டச் சொல்லுங்கள். பிரேக்கர் மெஷின் வைத்தால் பூச்சோடு செங்கல் முகமும் பெயரும், அதிர்வில் காரை உதிரும். பழைய எண்ணெய் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு; மெஷின் போட்டுத் தேய்க்காமல் தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்ட வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

காயத் தொடங்கியதும் வெள்ளையாக உப்புப் பூக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம், ஈரம் வெளியேறுவதற்கு அது அடையாளம். தரையில் தாள் விரித்து, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுந்ததை வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். ஆசிட் ஊற்றினால் சுண்ணாம்பே கரையும், புதிய உப்பும் உண்டாகும். கடல் நீர் புகுந்த சுவர் என்றால் மட்டும் தொடக்கத்திலேயே, காயுமுன், அழுத்தமில்லாத நல்ல தண்ணீரால் கழுவலாம். அப்படியும் உப்பு நின்றால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சுவருக்கு மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் பூசி, அது உப்பைக் குடித்துப் பொரிந்ததும் தட்டி எறிந்துவிட்டு, அதன் பிறகு நிலையான பூச்சு பூசுவது வழக்கம்.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள: ஊசி வைத்த ஈரமானி சுவரில் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது மரத்துக்காகச் செய்தது, உப்பு இருந்தால் கூட்டிக் காட்டும். வெள்ளம் தொடாத உயரத்தில் ஒரு இடம், கீழே நான்கைந்து இடம் பென்சிலால் குறித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடங்களில் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் குறைந்து நின்றுவிட்டால் காய்ந்ததாகக் கொள்ளலாம். இன்னொரு சோதனை: 45 செ.மீ. சதுரமான கண்ணாடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர்த்துளி படிந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது. அறைப் பக்கம் படிந்தால் பிரச்சினை காற்றில்.

காய்ந்த பிறகு பூச்சு. நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த கூரான மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடாது. பிரிந்த காரை இணைப்புகளை இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குத் தோண்டி, இதே கலவையால் முதலில் அடைக்க வேண்டும். சுவரை நனைத்துவிட்டு முதல் கை 8 முதல் 10 மி.மீ. பூசி, அடுத்த கை பிடிக்கக் கீறிவிட வேண்டும். விரலால் அழுத்தினால் அமுங்காமலும், நகத்தால் கீறினால் கோடு விழும்படியும் இருக்கும்போது இரண்டாம் கை. சாக்கு கட்டி, நீர் தெளித்து, நேர் வெயில் படாமல் ஒரு வாரமாவது காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் இறுகுகிறது, அதற்கு ஈரமும் நாளும் தேவை. வெயிலில் வேகமாகக் காய்ந்தால் மாவாக உதிரும். "வலுவுக்குக் கொஞ்சம் சிமெண்ட் கலக்கிறேன்" என்பார்கள்; கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் கூடாது, வெள்ளையடிப்புதான்: பால் பதத்தில் கரைத்து, சுவரை நனைத்து, மெல்லியதாக நான்கைந்து கை. சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும், வேலை செய்பவர்கள் கண்ணாடியும் கையுறையும் போட வேண்டும்.

வெளியே மண் மட்டத்தையும் பாருங்கள். பல வருடம் மண் கொட்டிக் கொட்டி, தெரு உயர்ந்து, உள் தரையை விட வெளித்தரை மேலே வந்திருக்கும். உள் தரைக்கு 15 செ.மீ. கீழே இருக்கும்படி வெட்டி, வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக 3 மீட்டருக்கு 15 செ.மீ. சரிவு கொடுங்கள். சுவரை ஒட்டி சிமெண்ட் தளம் போட வேண்டாம், ஜல்லி நிரப்பிய வாய்க்கால் போடுவதே நல்லது.

சங்கக் கட்டடக் குழுவிலிருந்து

---

மறு: மறு: தண்ணீர் புகுந்த பழைய வீடு

அண்ணன் சுவரைப் பற்றி எழுதியதில் ஒன்றைச் சேர்க்கிறேன். "காற்று ஓடினால்" என்றதும் எல்லாரும் ஜன்னலைத் திறந்து போட்டுவிடுவார்கள். வெளிக்காற்றில் நீர் குறைவாக இருந்தால்தான் அதில் பயன். ஈரப்பத விழுக்காட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். வெளியே 15 டிகிரி, 90 விழுக்காடு என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் நீர் சுமார் 11.5 கிராம்தான். உள்ளே 25 டிகிரி, 60 விழுக்காடு என்றால் சுமார் 13.8 கிராம். அப்போது திறக்கலாம். வெளியே 30 டிகிரி, 80 விழுக்காடு என்றால் 24 கிராம். உள்ளே 27 டிகிரி, 70 விழுக்காட்டில் 18 கிராம். அன்று திறந்தால் ஈரத்தை வீட்டுக்குள் அழைத்த மாதிரி. அப்படிப்பட்ட நாளில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு டீஹியூமிடிஃபையர் (காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் மெஷின்) ஓட்டுங்கள். திறந்த ஜன்னலோடு அதை ஓட்டுவது வீண். மண்ணெண்ணெய் ஹீட்டர் வேண்டவே வேண்டாம்: ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வீட்டுக்குள் சேரும். ஜெனரேட்டரை வராந்தாவில்கூட வைக்கக் கூடாது, புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

இனி மரம். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர நுனிதான் கடைசியாகக் காயும், முதலில் உளுக்கும். நடுப்பகுதி நன்றாகத் தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நுனிக்கு அருகில் ஊசி உளியைக் குத்தி நெம்பச் சொல்லி வீடியோவில் பாருங்கள். நீளமான சிம்பு பிய்ந்து வந்தால் மரம் திடம். குறுக்கே பொட்டென்று உடைந்து குட்டைத் துண்டாக வந்தால் உளுத்துவிட்டது. அப்படியானால் முதலில் அடியில் பலகை போட்டு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. நல்ல நுனியாக இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள காரையை எடுத்து, பக்கவாட்டில் காற்று புக 15 மி.மீ. இடைவெளி விடுவது நல்லது. மறுபடி சிமெண்ட் வைத்து அடைக்கக் கூடாது.

மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் பூஞ்சை அரிக்கும். 16-க்குக் கீழே வருமுன் வார்னிஷோ பெயின்டோ வேண்டாம். ஊறி இறுகிய கதவைச் சீவாதீர்கள். காய்ந்ததும் சுருங்கி, சீவிய அளவுக்கு இடுக்கு விழும். கீலிலிருந்து கழற்றி, நிழலில் மூன்று கட்டை மேல் படுக்க வைத்து, இரு பக்கமும் காற்றுப்பட விடுங்கள். மரத்தளம் ஓரம் தூக்கிக் குழிந்திருந்தால் அதற்கும் இதே பொறுமை: ஈரத்தில் இழைத்தால், காய்ந்ததும் நடுப்பகுதி முதுகு தூக்கும். உப்பிய அலமாரி இழுப்பறையை முன்னாலிருந்து இழுத்தால் மூட்டு உடையும், பின்பலகையைக் கழற்றி உள்ளிருந்து தள்ளுங்கள். கரையான், பூஞ்சைக்கு 10 விழுக்காடு போரேட் (போராக்ஸ் வகை உப்பு) கரைசல் இரண்டு கை அடிக்கலாம். ஈரம் சற்று இருக்கும்போது ஆழமாக இறங்கும், ஆனால் மழை படும் மரத்தில் கழுவிப் போய்விடும்.

பூசணம் ஒரு நாள், இரண்டு நாளிலேயே தொடங்கும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வீடெங்கும் பரவும். என்95 முகக்கவசம் போட்டு, சோப்பு நீரால் ஈரமாகத் தேய்த்து எடுங்கள். ஓடு, டைல்ஸ் மேல் லிட்டருக்கு 60 மி.லி. பிளீச் போதும், மரத்திலும் பூச்சிலும் அது ஆழத்தில் எட்டாது. பிளீச்சோடு கழிவறை ஆசிட்டையோ அமோனியாவையோ கலந்தால் நச்சு வாயு வரும்.

---

மறு: மறு: மறு: தண்ணீர் புகுந்த பழைய வீடு

நனைந்த பத்திரத்தையும் பழைய போட்டோவையும் என்ன செய்வது என்று அக்கா கேட்டதற்கு மட்டும் பதில். ஒட்டிக்கொண்டவற்றைப் பிரிக்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். போட்டோக்களைக் குளிர்ந்த சுத்தமான நீரில் அலசி, மெழுகுத்தாள் இடையில் வைத்து, கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பத்திரங்களை அலசாமல் அப்படியே கவரில் போட்டு வைக்கலாம். உறைந்த நிலையில் பூசணம் வளராது, மாதக் கணக்கில் காத்திருக்கும். யாராவது நேரில் போகும்போது ஒவ்வொன்றாக எடுத்து, பனி உருகியதும் தானாகப் பிரியும் தாளை மட்டும் பிரித்து, உறிஞ்சு தாள் மேல் விரித்து, ஃபேன் காற்று நேரே படாமல் உலர்த்தலாம். லேமினேட் செய்யக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடுவார்கள்.