சோலார்ல ஓடற சின்ன பிரிட்ஜ் ராத்திரில நின்னுருது, யாராச்சும் சொல்லுங்க (அவசரம்)

ஆட்டுப்பட்டி:
வணக்கம்ங்க. தோட்டத்துல கரண்ட் லைன் இல்ல, அதனால சோலார் போட்டு கார்ல வெக்கற மாதிரி 12 வோல்ட் பிரிட்ஜ் ஒண்ணு ஓட்டிட்டு இருக்கறேன். பகல்ல ஜம்முனு ஓடுது, ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு ஈ1னு காட்டி நின்னுருது, வெயில் வந்தா தானா ஓட ஆரம்பிச்சுருது. பேட்டரி புதுசு. பேட்டரி கடைல கேட்டா பிரிட்ஜ் கோளாறுங்கறாங்க, பிரிட்ஜ் வித்தவங்க பேட்டரி கோளாறுங்கறாங்க. உள்ள ஆட்டுக்குப் போடற ஊசி மருந்து இருக்குது. என்ன பண்றதுங்க?

வேன்_வாழ்க்கை:
ப்ரோ பேட்டரி எத்தனை ஏஎச் (ஆம்பியர் அவர், எவ்வளவு சரக்கு புடிக்கும்னு)? பேனல் எத்தனை வாட்? பிரிட்ஜ் எத்தனை லிட்டர்?

ஆசிட்_அண்ணாச்சி:
தம்பி, மொதல்ல பேட்டரில தண்ணி பாத்தியளா? ஹைட்ரோமீட்டர் (ஆசிட் அடர்த்தி அளக்குற குழாய்) வச்சு ஆறு செல்லையும் பாருங்க. டியூபுலர்னா (தண்ணி ஊத்துற ஈய பேட்டரி) முழுசா ஏறுனதுக்கு அப்புறம் 1.240 கிட்ட நிக்கணும். சாயங்காலம் பாக்கையில 1.200க்கு கீழ கெடந்தா அது ஏறவே இல்லன்னு அர்த்தம். ஒரு செல் மட்டும் தனியா கீழ கெடந்தா அந்த செல் போச்சு. புதுசுன்னு சொல்லி மாசக்கணக்கா கடைல சும்மா கெடந்ததத் தலைல கட்டிருவானுவ, நான் எத்தனையோ பாத்துட்டேன்.

வோல்ட்மீட்டர்:
பேட்டரி அளவு இல்ல, பேனல் அளவு இல்ல, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சார்ஜ் கன்ட்ரோலர் என்னன்னு இல்ல, ஒயர் பத்தி ஒரு வார்த்தை இல்ல. இங்க யாரும் ஜோசியம் பாக்கறது இல்ல. ஈ1ன்னா இந்த மாதிரி பிரிட்ஜ்ல பெரும்பாலும் லோ வோல்டேஜ். டப்பாக்குள்ள ஒரு மேனுவல் குடுத்திருப்பாங்களே, அதப் படிக்கற பழக்கம் யாருக்குமே கிடையாது.

ஈபி_வேண்டாம்:
பேசாம ஒரு இன்வெர்ட்டர் வாங்கி 230ல ஓட்டுங்க பாஸ். நான் அப்படித்தான், பிரச்சனையே இல்ல.

வேன்_வாழ்க்கை:
@ஈபி_வேண்டாம் 12ஐ 230 ஆக்கி, அத பிரிட்ஜோட அடாப்டர் திரும்ப 12 ஆக்கி... ரெண்டு எடத்துலயும் நஷ்டம், சும்மா ஆன்ல இருக்கறதுக்கே இன்வெர்ட்டர் ராத்திரி பூரா கொஞ்சம் தின்னுட்டே இருக்கும். டிசி பிரிட்ஜுக்கு எதுக்கு பாஸ் அது?

ஆட்டுப்பட்டி:
பேட்டரி 150 ஏஎச் டியூபுலர்ங்க. பேனல் 335 வாட் ஒண்ணு. கன்ட்ரோலர் 30 ஆம்பியர், பேனலோட சேத்து குடுத்தது. பிரிட்ஜ் 45 லிட்டர், 60 வாட்னு பின்னாடி போட்டிருக்குது, 4 டிகிரில வெச்சிருக்கறேன். தண்ணி அளவு சரியா இருக்குது. ஹைட்ரோமீட்டர் இல்லைங்க.

வேன்_வாழ்க்கை:
ஓகே கணக்கு போடுவோம். 150 ஏஎச் x 12 = 1800 வாட் அவர், டியூபுலர்ல பாதி எடுத்தா போதும்னு வெச்சா 900. பிரிட்ஜ் 60 வாட், கம்ப்ரசர் பாதி நேரம் ஓடும்னா 30 வாட், ராத்திரி 12 மணி நேரத்துக்கு 360 தான் ஆகுது. அப்போ பேட்டரி முழுசா ஏறியிருந்தா விடியற வரைக்கும் தாராளமா ஓடணும். ஸோ ஏறல. 335 வாட் பேனல்னா அது 72 செல், 24 வோல்ட் டைப், ஓடும்போது 37 வோல்ட் கிட்ட குடுக்கும். உங்க கன்ட்ரோலர் பிடபிள்யூஎம்ங்கற சாதா வகைன்னா அது பேனல இழுத்து பேட்டரி வோல்டேஜுக்கே கொண்டு வந்துரும், ஆம்பியர் அதே 9தான். 9 x 13 போட்டுப் பாருங்க, 120 வாட் கூட வராது. 335க்கு காசு குடுத்துட்டு மிச்சத்த காத்துல விடறீங்க. மிச்ச வோல்டேஜ ஆம்பியரா மாத்திக் குடுக்கற எம்பிபிடி கன்ட்ரோலர் போடுங்க, முடிஞ்சது.

ஆசிட்_அண்ணாச்சி:
அப்படியே லித்தியமும் வாங்கச் சொல்லுவீரே, இன்னும் காணோமேன்னு பாத்தேன்.

வேன்_வாழ்க்கை:
சொல்லத்தான் போறேன் 😀 100 ஏஎச் எல்எஃப்பி (லித்தியத்துல ஒரு வகை) போட்டா இந்த 150 டியூபுலர விட அதிகமா எடுக்கலாம், தண்ணி ஊத்த வேணாம், கடைசி வரைக்கும் வோல்டேஜ் பெருசா எறங்காது.

ஆசிட்_அண்ணாச்சி:
ஆட்டுப்பட்டியில கெடக்கப் போற பேட்டரிக்கு அம்புட்டு வெலையா? டியூபுலர் செத்தாலும் பழைய ஈயத்துக்கு ஒரு தொகை தருவான். உம்ம லித்தியத்துக்குள்ள இருக்க பிஎம்எஸ் (பேட்டரியக் காக்குற சர்க்யூட்) போனா எந்தக் கடையில திறந்து பாப்பாம்?

கால்நடைத்துணை:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். உள்ள என்ன ஊசி இருக்குதுன்னு யாருமே கேக்கல. ஆட்டுக்கொல்லி தடுப்பூசின்னா அது உயிருள்ள வைரஸ், 2ல இருந்து 8 டிகிரிக்குள்ளயே இருக்கணும். தினமும் விடிய விடிய சூடாகி மறுபடி குளுந்துச்சுன்னா வீரியம் போயிரும், பாட்டிலப் பாத்தா ஒண்ணுமே தெரியாது. துள்ளுமாரி, கோமாரி ஊசின்னா அது இன்னொரு விதம், உறையவே கூடாது, உறைஞ்சா தூக்கிப் போட்டுரணும். இந்த மாதிரி பிரிட்ஜ்ல சுவர் ஓரம் 4னு செட் பண்ணாலும் அதுக்கு கீழ போகும். ஊசிய நடுவுல ஒரு டப்பால வெச்சு பக்கத்துல தனி தெர்மாமீட்டர் போடுங்க. காலியா இருக்கற எடத்துல தண்ணி பாட்டில் அடுக்குங்க, நின்னாலும் குளிர்ச்சி கொஞ்ச நேரம் தாங்கும்.

ஈபி_வேண்டாம்:
ஊசிக்கு ஐஸ் டப்பாவே போதுமே, எதுக்கு இவ்வளவு செலவு

கால்நடைத்துணை:
ஆஸ்பத்திரில இருந்து பட்டிக்கு கொண்டு வர்றதுக்கு போதும் சார், வாரக்கணக்குல வெக்கறதுக்கு இல்ல.

வோல்ட்மீட்டர்:
லித்தியம், ஐஸ் டப்பா எல்லாம் பேசியாச்சு. ஒயர் பத்தி நான் கேட்டதுக்கு மட்டும் பதில் வரல. பேட்டரிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுல எத்தனை மீட்டர், என்ன ஒயர், எதுல சொருகியிருக்கு? கம்ப்ரசர் ஓடும்போது பேட்டரி முனைலயும் பிரிட்ஜ் சொருகற எடத்துலயும் மீட்டர் வெச்சு ரெண்டு நம்பர் எழுதுங்க. ஓடும்போது. நின்னதுக்கு அப்புறம் இல்ல.

ஆட்டுப்பட்டி:
பேட்டரி தீவன ரூம்லங்க, பிரிட்ஜ் பட்டியோரம் கொட்டாய்ல. ஒரு 10 மீட்டர் வரும். வீட்டு ஒயரிங்ல மிஞ்சுன 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் இருந்துச்சு அதையே இழுத்துட்டோம். பிரிட்ஜோட வந்த, கார் சிகரெட் லைட்டர்ல சொருகற பின், அதுக்கு ஒரு சாக்கெட்டு. பக்கத்து தோட்டத்துப் பையன் மீட்டர் வெச்சுப் பாத்தான், பேட்டரில 12.4, பிரிட்ஜ்கிட்ட 11.1. பின்னப் புடுங்கும்போது கை வெக்க முடியல அவ்வளவு சூடு, சாக்கெட்டுக்கு உள்ள பிளாஸ்டிக்கு காபி கலராகி ஒரு பக்கம் இளகியிருக்குது.

வோல்ட்மீட்டர்:
இதத்தான் முதல் பதில்லயே கேட்டேன். 1.5 ஸ்கொயர் காப்பர் மீட்டருக்கு 12 மில்லி ஓம். போக 10, வர 10, ஆக 20 மீட்டர், 0.24 ஓம். 5 ஆம்பியர் இழுத்தா 1.2 வோல்ட் ஒயர்லயே போச்சு, மிச்சம் அந்த லைட்டர் சாக்கெட்ல. கம்ப்ரசர் கிளம்பும்போது இன்னும் அதிகமா இழுக்கும். பேட்டரில பாதிக்கு மேல சரக்கு இருக்கும்போதே பிரிட்ஜ் காலின்னு நெனைச்சு நின்னுருது. பகல்ல பேனல் 13.5, 14ன்னு தூக்கிப் புடிக்கறதால தெரியல. 6 ஸ்கொயர் இழுத்தா இறக்கம் 0.3 தான். பேட்டரி பிளஸ் பக்கத்துலயே 15 ஆம்பியர் ஃபியூஸ், லைட்டர் சாக்கெட்டு வேண்டவே வேண்டாம்.

ஈபி_வேண்டாம்:
பிரிட்ஜ்ல எத்தனை வோல்ட்ல கட் ஆகணும்னு எச், எம், எல்னு ஒரு செட்டிங் இருக்கும் பாருங்க, அத எல்ல போட்டா கட் ஆகாது, ஒயர் செலவு மிச்சம்

ஆசிட்_அண்ணாச்சி:
அய்யோ அதச் செய்யாதிய தம்பி! எல்லுன்னா பேட்டரிய ஒட்ட உறிஞ்சிட்டுத்தான் நிக்கும். டெய்லி அப்படிப் பண்ணா பிளேட்டு சல்பேட் புடிச்சு ஒரு வருசம் தாங்காது. எச் எதுக்கு இருக்குன்னா வண்டி பேட்டரில ஓட்டுனா மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆவணுமே, அதுக்கு. ஒயர மாத்திட்டு எம்ல விடுங்க.

வேன்_வாழ்க்கை:
அண்ணாச்சி சொல்றது சரி. முதல் தடவையா ஒத்துப் போறோம் 😀 ஆனா கன்ட்ரோலர விட்டுறாதீங்க ப்ரோ. பிடபிள்யூஎம்மா எம்பிபிடியா அது? பேனல் மேல தென்னை நிழல் விழுதா? ஓலை நிழல் ஒரு கோடு விழுந்தாக்கூட பாதி போயிரும்.

வோல்ட்மீட்டர்:
கட் ஆனது ஒயரால. கன்ட்ரோலர் வேற விஷயம். குழப்பாதீங்க.

வேன்_வாழ்க்கை:
குழப்பல சார், கூட்டிக் கழிக்கறேன். பிரிட்ஜ் 24 மணி நேரத்துக்கு 700 வாட் அவர் கிட்ட தின்னும், சித்திரை வெயில்ல கொட்டாய் சூட்டுல இன்னும் கூட. 120 வாட் அஞ்சு மணி நேரம் வந்தா 600. வரவு கம்மி செலவு ஜாஸ்தி. இப்ப ஒயர மாத்துனா பிரிட்ஜ் முன்னாடிய விட ஆழமா பேட்டரிய எறக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வோல்ட்மீட்டர்:
60 வாட்ங்கறது உச்சம், எப்பவும் அவ்வளவு இழுக்காது. கம்ப்ரசர் ஓடும்போது 45தான் சராசரியா வரும்.

வேன்_வாழ்க்கை:
45னே வெச்சாலும், பாதி நேரம் ஓடுனா 24 மணி நேரத்துக்கு 540. மேகம் மூடுன ஒரு நாள் போதும், மைனஸ்ல போயிரும்.

ஆட்டுப்பட்டி:
6 ஒயர் மாத்தியாச்சுங்க, சாக்கெட்டு கழட்டி வீசிட்டு ஸ்குரு கனெக்டர் போட்டாச்சு. ஃபியூஸும் போட்டாச்சு. நேத்து ராத்திரி நிக்கல. ஊசி மருந்து பழசு தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கணும். எல்லாருக்கும் நன்றிங்க.

வேன்_வாழ்க்கை:
சூப்பர் ப்ரோ. கன்ட்ரோலர் என்னன்னு மட்டும் சொல்லுங்க?

கால்நடைத்துணை:
புதுசு வாங்கறதுக்கு முன்னாடி வெறும் தெர்மாமீட்டர் வெச்சு ரெண்டு மூணு ராத்திரி பாத்துருங்க.

வேன்_வாழ்க்கை:
ஆளக் காணோம். எப்பவாச்சும் பாத்தீங்கன்னா: விடியக்காலைல வெயில் ஏறும் முன்னாடி, கம்ப்ரசர் நிக்கற நேரம் பாத்து பேட்டரிய அளங்க. 12.2க்கு மேல இருந்தா சரி. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிட்டே வந்தா கன்ட்ரோலர மாத்துங்க, இல்லாட்டி 12 வோல்ட் பேனல் இன்னொண்ணு தனி கன்ட்ரோலரோட சேருங்க. இருக்கற பேனலோட அப்படியே பேரலல் போட்டுறாதீங்க, வோல்டேஜ் ஒத்துப் போகாது.