ஏற்காட்டில் வீட்டுக்கு இறங்கும் சரிவுப் பாதை: சருகு, சேறு, பாசி அகற்ற எந்தக் கருவி வாங்கலாம்?

கேள்வி: நாகலூர் சாலை, ஏற்காடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு சாலையைவிடத் தாழ்வாக, காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. சாலையிலிருந்து வாசல் வரை 60 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள கான்கிரீட் பாதை இறங்குகிறது. அந்த நீளத்துக்குள் ஏறக்குறைய 9 அடி தாழ்கிறது. இருபுறமும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் நிற்பதால் வெயில் அதிகம் விழுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் ஓடும் நீர் செம்மண்ணையும் சருகையும் அள்ளிக்கொண்டு எங்கள் பாதையில்தான் இறங்குகிறது. மழை விட்ட பிறகு பார்த்தால் டயர் ஓடும் இரு தடங்கள் மட்டும் சாம்பல் நிறமாகத் தெரிகின்றன. நடுப்பகுதியும் வடக்கு ஓரமும் கரும்பச்சையாக வழுக்குகின்றன. கார் மேலே ஏறும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. பால் வாங்குவதற்கு 72 வயதான என் மாமனார்தான் தினமும் காலையில் அந்தப் பாதையில் ஏறி இறங்குகிறார் என்பதே எங்கள் பெரிய கவலை.

கருவிக்காக 25,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறோம். காற்றால் சருகைத் தள்ளும் புளோயர் வாங்கலாமா, நீரை விசையோடு பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர் வாங்கலாமா என்று முடிவு செய்ய இயலவில்லை. கனடாவில் இருக்கும் என் அக்கா மகன் வீட்டு முன் குவியும் பனியை ஸ்னோ புளோயர் கொண்டு சிறிது நேரத்தில் அகற்றிவிடுகிறான். அதுபோல ஒரே இயந்திரத்தில் எல்லாவற்றையும் தள்ளிவிட வழி உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: செம்மடுவு, தோட்ட மேற்பார்வையாளர்

வணக்கம் அம்மா. உங்கள் பாதையில் கிடப்பது ஒரே பொருள் அல்ல. காய்ந்த சருகு, ஈரச் சருகோடு கலந்த சேறு, கான்கிரீட்டைப் பற்றி வளரும் பாசி ஆகிய மூன்றுக்கும் மூன்று விதமான கருவிகள் வேண்டும். இவற்றில் ஆளை விழவைப்பது பெரும்பாலும் மூன்றாவதுதான். சருகை ஒதுக்கிவிட்டு, அடியில் உள்ள கான்கிரீட்டை ஒரு நாணயத்தின் விளிம்பால் சுரண்டிப் பாருங்கள். கறுப்பாக வழவழவென்று வந்தால், என்னதான் கூட்டிப் பெருக்கினாலும் அந்த இடம் வழுக்கத்தான் செய்யும்.

புளோயரைப் பொறுத்தவரை, காய்ந்த நாட்களில் அது நன்றாக உதவும். ஆனால் சில்வர் ஓக் இலை நனைந்துவிட்டால், அதன் வெள்ளை அடிப்பக்கம் பசை தடவிய காகிதம்போல் கான்கிரீட்டில் ஒட்டிக்கொள்ளும். கையில் பிடிக்கும் சிறிய மின்சார புளோயருக்கு அது அசைந்து கொடுக்காது. உங்கள் தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ முதுகில் மாட்டி மருந்தடிக்கும் மிஸ்ட் புளோயர் இருந்தால், புதிதாக வாங்க வேண்டிய தேவையே இல்லை. மருந்துத் தொட்டியையும் குழாயையும் நன்றாகக் கழுவி, மருந்துக் குழாயை மூடிவிட்டு வெறும் காற்றை மட்டும் செலுத்தினால் அதுவே வலுவான சருகுத் தள்ளியாகும். முகக்கவசமும் காதடைப்பானும் இல்லாமல் அதை இயக்க வேண்டாம்.

ஈரச் சேற்றுக்குக் காப்பிக் களத்தில் கொட்டையைத் தள்ளிப் பரப்பும் நீண்ட கைப்பிடி கொண்ட மரப்பலகை போதும். அதன் அடியில் பழைய ரப்பர் பட்டையை ஆணியடித்துப் பொருத்திக்கொண்டால் சேறு கான்கிரீட்டோடு வழித்துக்கொண்டு வரும். மழை விட்ட அன்றே, சேறு இறுகுவதற்குள் தள்ளிவிட வேண்டும்.

மறுமொழி: அம்மாப்பேட்டை, சேலம், தற்போது எட்மன்டன், கனடா

சேலத்தில் பிறந்து வளர்ந்து, இங்கே பல குளிர்காலங்களைக் கண்டவன் என்ற முறையில் ஸ்னோ புளோயர் பற்றி மட்டும் விளக்குகிறேன் அக்கா. இங்கே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, பனி எத்தனை அங்குலம் விழுகிறது, பாதை தார் அல்லது கான்கிரீட் பூசியதா, ஜல்லியா, சரிவு எவ்வளவு, நகராட்சி வண்டி சாலைப் பனியைத் தள்ளும்போது நம் பாதையின் வாயிலில் எவ்வளவு குவிகிறது என்பவற்றையே பார்ப்போம். ஒற்றைக் கட்ட இயந்திரத்தில் ரப்பர் விளிம்புள்ள சுழலி தரையைத் தொட்டபடி பனியை அள்ளி, அதே வேகத்தில் வெளியே வீசிவிடும். ஏறக்குறைய 8 அங்குலம் வரை விழும் பனிக்கும் கெட்டித் தரைக்கும் அது பொருந்தும். இரட்டைக் கட்ட இயந்திரத்தில் இரும்புச் சுழலி பனியை உள்ளே இழுக்க, பின்னால் உள்ள விசிறி அதை வாங்கி வீசும். தரைக்கும் சுழலிக்கும் இடையே இடைவெளி வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஜல்லிப் பாதைக்கும் ஆழமான பனிக்கும் அதையே வாங்குவார்கள். கல் சிக்கினால் பற்சக்கரப் பெட்டியைக் காப்பாற்றுவதற்காக முதலில் உடையும்படி ஒரு மெல்லிய பின்னையும் அதில் வைத்திருப்பார்கள்.

உங்கள் பாதைக்கு இவற்றில் எதுவும் ஆகாது. புதிதாக விழுந்த பனி ஒரு கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரைதான் இருக்கும்; ஈரச் சேறு 1,600 கிலோவுக்கும் மேல் இருக்கும். பனியை வீசுவதற்காகச் செய்த விசிறியில் செம்மண் அப்பிக்கொள்ளும், ஜல்லி பறக்கும், அந்த மெல்லிய பின்னும் அடிக்கடி உடைந்துகொண்டே இருக்கும். இங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது 24 முதல் 30 அங்குல அகலமுள்ள தள்ளு மண்வாரி ஒன்றுதான். மேலே சொன்ன களத்துப் பலகை அதே வேலையைச் செய்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பனிக்கட்டி உருக உப்புத் தூவுவதைப் பார்த்து, அதை அங்கே பாசிக்குச் செய்துவிடாதீர்கள். உப்பு நீர் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். ஓரத்தில் உள்ள காப்பிச் செடியின் வேரும் கருகும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நாணயத்தால் சுரண்டிப் பார்த்தேன். நடுப்பகுதி முழுவதும் கறுப்பாகத்தான் வருகிறது. எனவே பிரஷர் வாஷர் தேவைப்படும் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் 1,000 லிட்டர் தொட்டி ஒன்றுதான் உண்டு. மாலையில் வோல்டேஜ் மிகவும் இறங்கிவிடுகிறது. காப்பிச் செடிக்குப் பூஞ்சை நோய் வராமல் தெளிக்கும் போர்டோ கலவை தயாரிக்க வாங்கிய மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) மீதம் இருக்கிறது. அதைக் கரைத்து ஊற்றினால் பாசி போய்விடும் என்று ஒருவர் கூறினார். அது சரியா?

மறுமொழி: ஐந்து ரோடு, சேலம்; கருவிகள் வாடகைக்கு விடுபவர்

வணக்கம் அம்மா. முதலில் மயில்துத்தம். அது பாசியைக் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் அதில் உள்ள செம்பு மண்ணில் சிதைந்து மறையாமல் சேர்ந்துகொண்டே போகும். மழையில் கழுவப்பட்டு ஓடைக்குப் போனால் மீனுக்கும் நஞ்சு. சரிவான பாதையில் அதைக் கொட்டவே வேண்டாம். 10 லிட்டர் நீரில் 200 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் மழையில்லாத நாளில் பாசி மீது தெளியுங்கள். 20 நிமிடம் ஊறவிட்டுக் கெட்டியான நைலான் பிரஷால் தேயுங்கள். ஓரத்துச் செடிகளுக்கு முன்பும் பின்பும் நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள். கிணறு பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் நீர் போகாமல் மண் அணை கட்டிக்கொள்ளுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயுவான குளோரின் கிளம்பி மூச்சை அடைத்துவிடும்.

இப்போது பிரஷர் வாஷர். பாசியின் வேர்போன்ற இழைகள் கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருப்பதால், நீரின் விசையால் மட்டும் பெயர்த்தெடுத்தால் அடுத்த மழைக்காலத்திலேயே அது மீண்டும் தலைகாட்டும். அதனால்தான் பிளீச்சிங் பவுடரை முதலில் சொன்னேன். வீட்டு உபயோக இயந்திரம் நிமிடத்துக்கு 6 அல்லது 7 லிட்டர் நீர் எடுக்கும். அதாவது மணிக்கு 420 லிட்டர் வரை ஆகும். 600 சதுர அடியை ஒரே நாளில் முடிக்க நினைத்தால் உங்கள் தொட்டி காலியாகி, வீட்டில் குடிக்கவும் நீர் இருக்காது. கூரை நீரை டிரம்மில் பிடித்துவைத்து, டிரம்மிலிருந்து தானே உறிஞ்சும் வகை இயந்திரத்தை, வடிகட்டியோடு சேர்த்து வாங்குங்கள். பாதையைப் பகுதி பகுதியாக, நாளைக்குக் கொஞ்சமாகக் கழுவினால் போதும்.

மின்சாரத்தைத்தான் நான் அதிகமாக வலியுறுத்துவேன். இண்டக்ஷன் மோட்டார் சத்தம் குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் 230 வோல்ட் 180-க்கு இறங்கினால் அதன் முறுக்குவிசை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்து, கிளம்ப முடியாமல் சூடேறும். மாலையில் இயக்காமல், வோல்டேஜ் நன்றாக இருக்கும் காலை நேரத்தில் இயக்குங்கள். சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியை நம்பாமல், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் 16 ஆம்பியர் பிளக்கும் போட்டுக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் நின்று செய்யும் வேலை என்பதால், கசிவு மின்சாரத்தில் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இந்த இயந்திரத்தைத் தொடவே கூடாது.

ஊசிபோல் ஒரே கோட்டில் பீய்ச்சும் நாசில் கான்கிரீட்டின் மேற்பூச்சைக் கொத்திவிடும். 25 டிகிரி விரிந்து பாய்வதைப் பயன்படுத்துங்கள். மேலிருந்து தொடங்கி, கழுவி முடித்த பகுதியில் நின்றுகொண்டு கீழ்நோக்கி அடித்துக்கொண்டே வர வேண்டும். அப்போதுதான் வழுக்கும் கழிவு உங்கள் காலடியை விட்டு விலகி ஓடும். வருடத்தில் ஓரிரு முறைதான் தேவை என்றால் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம் என்பது, இத்தொழில் செய்யும் என்னுடைய நேர்மையான கருத்து.

மறுமொழி: அஸ்தம்பட்டி, சேலம், ஓய்வுபெற்ற கட்டுமான ஓவர்சியர்

மேலே கூறியவை அனைத்தும் சரியே. ஆயினும் சாலை நீர் உங்கள் பாதையில் இறங்கிக்கொண்டிருக்கும் வரை எந்தக் கருவியை வாங்கினாலும் ஒவ்வொரு மழைக்கும் அதே வேலையைச் செய்துகொண்டுதான் இருப்பீர்கள். ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கை, பாதையின் தலைப்பில் ஒரு குறுக்கு வடிகாலுக்குச் செலவிடுங்கள்.

சாலையின் விளிம்பை வெட்டாமல், உங்கள் எல்லைக்குள்ளேயே, 6 அங்குல அகலத்திலும் ஆழத்திலும் ஒரு கால்வாய் எடுத்து, கார் ஏறினாலும் வளையாத இரும்புக் கிராதி போட வேண்டும். கால்வாய் பாதைக்கு நேர்க்குறுக்காக இல்லாமல் சற்றுச் சாய்வாக அமைந்தால், ஓடும் நீரே சருகை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். அது முடியும் இடத்தில் இரண்டடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி வேண்டும்; செம்மண் அதில் தங்கிவிடும், தெளிந்த நீர் மட்டும் வழிந்து தோட்டத்துக்குள் போகும். அந்த நீர் அண்டை வீட்டுச் சுவரடியில் போய் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். குழியில் சேரும் வண்டலை அள்ளிக் காப்பிச் செடிக்கே போட்டுக்கொள்ளலாம்.

வெயிலும் முக்கியம். வடக்கு ஓரத்தில் பாதைமேல் கவிழ்ந்திருக்கும் கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. கான்கிரீட்டின் மேற்பரப்பு வழவழப்பாகப் பூசப்பட்டிருந்தால், கட்டர் கொண்டு 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஆழத்தில் மீன்முள் வடிவக் கோடுகள் போடச் சொல்லுங்கள். டயருக்கும் செருப்புக்கும் பிடி கிடைக்கும், நீரும் ஓரங்களுக்கு விலகும். இந்த மழை முடியும் வரை, தலைப்பில் மணல் மூட்டைகளைச் சாய்வாக அடுக்கி நீரைத் திருப்பிவிடுங்கள். ஒரு பக்க ஓரமாகக் கைப்பிடிக் குழாய் ஒன்றையும் நட்டுவிடுங்கள். உங்கள் மாமனாருக்கு அது இன்றே தேவை.

கேள்வி கேட்டவர்

ஐயா, உங்கள் அனைவருக்கும் நன்றி. மணல் மூட்டைகளை இன்று அடுக்கிவிட்டோம். கைப்பிடிக்குக் குழாய் சொல்லியிருக்கிறோம். மரப்பலகை பக்கத்துத் தோட்டத்தில் கிடைக்கும். பிரஷர் வாஷரை வாங்காமல் வாடகைக்கு எடுப்பதென்றும், மீதிப் பணத்தை வடிகாலுக்கு வைப்பதென்றும் வீட்டில் பேசியிருக்கிறோம். வடிகால், பாசி கழுவுதல், கோடு வெட்டுதல் ஆகிய மூன்றில் எதை முதலில் செய்வது?

மறுமொழி: அஸ்தம்பட்டி, சேலம், ஓய்வுபெற்ற கட்டுமான ஓவர்சியர்

தை பிறந்து தரை காய்ந்ததும் வடிகாலைக் கட்டுங்கள் அம்மா. பழைய பாதையில் உள்ள பாசியை அதற்குப் பிறகு கழுவி, இரண்டு நாள் காயவிட்டுக் கோடுகளை வெட்டச் சொல்லுங்கள். பாசியோடு வெட்டினால் பிளேடு வழுக்கிக் கோடு நேராக வராது. புதிதாக வார்த்த கான்கிரீட் முழு வலுப்பெற 28 நாட்கள் ஆகும் என்பதால், வடிகாலின் விளிம்பில் அதுவரை பிரஷர் வாஷர் நீரைப் பாய்ச்ச வேண்டாம்.