மறு: போதைச் சோதனை அட்டை – 'பிரிசம்ப்டிவ் பாசிட்டிவ்' தமிழில் எப்படி?

பாளையங்கோட்டை, ஆய்வக நுட்பர்:
எல்லாருக்கும் வணக்கம். போதை மீட்பு மையம் ஒன்றுக்குத் துண்டறிக்கை எழுதுகிறேன், திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. வாசிக்கப் போவது செவிலியர்களும், பையனைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பா அம்மாவும். சிறுநீரில் முக்கி எடுக்கும் அட்டையில் கட்டுப்பாட்டுக் கோடு, சோதனைக் கோடு என்று இரண்டு இடம். இரண்டு கோடும் விழுந்தால் பொருள் தென்படவில்லை. மங்கலாக விழுந்தாலும் கோடு கோடுதான். சோதனைக் கோடு விழாவிட்டால்தான் 'பிரிசம்ப்டிவ் பாசிட்டிவ்', அதாவது பொருள் இருக்கலாம், ஆனால் இன்னும் உறுதியாகவில்லை. கட்டுப்பாட்டுக் கோடே விழாவிட்டால் அட்டை செல்லாது. கர்ப்பச் சோதனை அட்டைக்கு இது நேர் தலைகீழ். அதில் பழகினவர்கள் இரண்டு கோட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துவிடுகிறார்கள். 'நேர்மறை' என்று எழுதலாமா?

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வேண்டாம் தம்பி. மேடைக்கு மேடை 'நேர்மறைச் சிந்தனை' என்று பேசிப் பேசி, அந்தச் சொல்லுக்கு நல்லது என்றே பொருள் ஏறிவிட்டது. தகப்பனார் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார். 'ஐயநேர்வு' என்று எழுதுங்கள். தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் ஐயக்கிளவிக்கு உரைகாரர்கள் காட்டுவது 'குற்றிகொல்லோ மகன்கொல்லோ'. தூரத்தில் நிற்பது கட்டையா, ஆளா? தெளிந்த பிறகுதான் 'கட்டை அன்று', 'ஆள் அல்லன்' என்று துணிய வேண்டும். உங்கள் அட்டை சொல்வதும் அவ்வளவுதானே?

தென்காசி, மொழிபெயர்ப்பாளர்:
இலக்கணம் அருமை அண்ணாச்சி. ஆனால் 'ஐயம் இட்டு உண்' என்று படித்த பிள்ளைகளுக்கு ஐயம் என்றால் பிச்சை. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. 'சந்தேகம்' என்றால் சங்கரன்கோவில் சந்தை வரைக்கும் புரியும்.

தமிழாசிரியர்:
புரிகிறது என்பதற்காக வடசொல்லையே வைத்தால் கலைச்சொல் குழு எதற்கு?

மொழிபெயர்ப்பாளர்:
கஞ்சாவும் வடக்கிலிருந்து வந்த பெயர்தான். அதை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் வருகிற சந்தேகத்தை மட்டும் தூய்மைப்படுத்துவானேன்? போகட்டும், 'பாசிட்டிவ்' தப்பாக வருவதற்குப் 'பொய் நேர்மறை' என்று வைத்திருக்கிறேன். கசகசா தின்றவருக்கு வருகிறதே, அது.

வள்ளியூர், மருந்தாளுநர்:
அது பொய்யே இல்லை. கசகசா அபின் செடியின் விதை, அதில் மார்பின் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அட்டை அதைத்தான் பிடிக்கிறது. இந்தத் தொல்லையால்தான் அமெரிக்காவில் 1998-இல் அரசுப் பணியிடச் சோதனைகளில் ஓபியேட் (மார்பின் போன்ற அபின் வகை) இருப்பதாகக் காட்டத் தொடங்கும் அளவை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தினார்கள். இங்கே விற்கிற அட்டைகளில் இரண்டும் உண்டு, உறையைப் பார்க்க வேண்டும். உறுதிச் சோதனை செய்யும் ஜிசி-எம்எஸ் என்ற ஆய்வகக் கருவிக்கு அனுப்பினாலும் கசகசாக்காரருக்கு மார்பின் என்றே வரும். ஹெராயின் உடலில் சிதையும்போது வரும் 6-அசிடைல் மார்பின் கிடைத்தால்தான் ஹெராயின் என்று சொல்ல முடியும். சளி மாத்திரையில் இருக்கும் சூடோஎஃபெட்ரின், ஆம்பெட்டமின் என்ற ஊக்கப்பொருளுக்கான பட்டையில் காட்டுகிறதே, 'பொய்' என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும்.

களக்காடு, உறுப்பினர்:
இடையில் ஒரு கேள்வி. மறுவீட்டுச் சொதி சாப்பிட்டவனுக்கும் அட்டை காட்டுமா?

மருந்தாளுநர்:
சொதிக்கு யார் கசகசா போடுகிறார்கள்? தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, இஞ்சி, எலுமிச்சை. கசகசா குருமாவுக்கு.

களக்காடு, உறுப்பினர்:
எங்கள் வீட்டில் அரைத்து விடுவார்கள்.

மருந்தாளுநர்:
அப்படியானால் அது சொதி இல்லை.

(இதற்குப் பிறகு வந்த சொதி மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

ஆய்வக நுட்பர்:
சரி, அந்த 300, 2000 கணக்குக்கு என்ன பெயர்? 'வெட்டுப்புள்ளி' என்று பார்த்தேன்.

தமிழாசிரியர்:
வெட்டும் வேண்டாம், குத்தும் வேண்டாம். 'வரம்பு' இருக்கிறதே. வயல் வரப்புக்குப் பழைய பெயரே அதுதான். பிசான நெல் சாகுபடிக்கு வரப்பு வெட்டுகிற தாமிரபரணிக் கரையில் இதை விளக்கவே தேவையில்லை. வரப்புக்கு இந்தப் பக்கமும் தண்ணீர் கிடக்கலாம், மறுகால் பாயவில்லை, அவ்வளவுதான். 'வரை' என்ற அடியிலிருந்து வரைவு, வரையறை...

மொழிபெயர்ப்பாளர்:
அடிச்சொல் வரைக்கும் போக வேண்டாம் அண்ணாச்சி, 'வரம்பு' எனக்கும் சம்மதம். அதுவே 'இல்லை' என்ற சொல்லையும் தடுக்கிறது. கஞ்சா வரம்பு பல அட்டைகளில் 50 நானோகிராம். அதற்குக் கீழே கொஞ்சம் கிடந்தாலும் இரண்டு கோடும் விழும். அதனால் 'தென்படவில்லை'தான் சரி.

மருந்தாளுநர்:
இன்னொரு காரணமும் இருக்கிறது. டிரமடால், டபென்டடால் என்ற வலி மாத்திரை போட்டவனை ஓபியேட் பட்டை பிடிக்காது, அவற்றுக்குத் தனிப் பட்டை வேண்டும். 'இல்லை' என்று அச்சடித்துக் கொடுத்தால் அதையே நற்சான்று மாதிரிக் காட்டுவான்.

தமிழாசிரியர்:
இந்தப் பக்கம் இவ்வளவு கவனமாக இருக்கிறீர்கள், அந்தப் பக்கம் 'சந்தேகம்' போதும் என்கிறீர்கள். நம் ஊரில் 'பையன் மேல் சந்தேகம்' என்றாலே பாதித் தீர்ப்பு. காலையில் அட்டை காட்டியது சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் தெரியும். ஐயநேர்வு அறிவின் மேல் வருகிற ஐயம், ஆளின் மேல் வருவதல்ல.

மொழிபெயர்ப்பாளர்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் புரியாத சொல்லைக் கொடுத்தால் 'அதென்ன ஐயநேர்வு?' என்று கேட்பார்கள், செவிலியர் 'பாசிட்டிவ்' என்று சொல்லிவிடுவார்.

ஆய்வக நுட்பர்:
அச்சகத்தில் இருந்து போன் வந்துவிட்டது. பெரும்பான்மையை வைத்து இப்படிப் போகிறது: 'தென்படவில்லை', 'முடிவாகவில்லை – உறுதிச் சோதனை தேவை', 'அட்டை செல்லாது'. சந்தேகம், பொய் இரண்டையும் எடுத்துவிட்டேன். வரம்பு இருக்கிறது.

தமிழாசிரியர்:
'முடிவாகவில்லை' என்றால் செல்லாத அட்டைக்கும் அதேதான். என் மறுப்பைப் பதிவுசெய்யவும். அடைப்புக்குறிக்குள்ளாவது 'ஐயநேர்வு' போடக் கூடாதா?

ஆய்வக நுட்பர்:
இடம் இல்லை ஐயா. அந்த வரியில் 'ஐந்து நிமிடத்தில் பார்க்கவும், பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் பார்க்க வேண்டாம்' என்று போட்டாகிவிட்டது.