கேனான் 1500டிக்கு இரண்டாவது லென்ஸ்: 50 எம்எம்மா, 55-250ஆ? கையில் 15,000

புளியரை_பையன்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் கேனான் 1500டி கேமரா, அதோடு வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸ், இவ்வளவுதான் இருக்கிறது. செங்கோட்டைக்குப் பக்கத்தில் புளியரை நம்ம ஊர், எடுப்பதெல்லாம் இந்தச் சுற்றுவட்டாரம்தான். குற்றாலம் சீசன், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி, ஆரியங்காவு, தென்மலை பக்கம் காடு, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தில் ரயில் போவது, அப்புறம் வீட்டு விசேஷம், அக்கா குழந்தை. 15,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் 50 எம்எம் எஃப்1.8 வாங்கு என்கிறார்கள். எனக்கு ஆசை தூரத்தை இழுக்கிற 55-250 எம்எம் லென்ஸ் மேல் (எம்எம் எண் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாக விழும்). ஒன்றுதான் வாங்க முடியும், அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. எது வாங்கலாம், ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணாச்சிமாரே.

மண்டபம்_கேமரா:
தம்பி, எல்லோரும் சொல்வதில் காரணம் இருக்கிறது. உன் கிட் லென்ஸை 50க்குத் திருப்பினால் அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற துவாரம், எஃப்5.6க்கு மேல் திறக்காது; எஃப் எண் குறைந்தால் துவாரம் பெரிது. 50 எஸ்டிஎம் (எஸ்டிஎம் என்பது லென்ஸில் உள்ள ஃபோகஸ் மோட்டார் வகை) எஃப்1.8 வரை திறக்கும், அதாவது கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். டியூப்லைட் மட்டும் எரிகிற வீட்டில் கிட் லென்ஸ் ஷட்டரை 1/15 நொடி திறக்கக் கேட்கிற இடத்தில் இது அதே ஐஎஸ்ஓவில் (சென்சாரின் வெளிச்ச உணர்திறன் அளவு) 1/150 கொடுக்கும். கிட் லென்ஸில் ஐஎஸ் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள், அது உன் கை ஆடுவதைத்தான் சரிக்கட்டும், குழந்தை தலையைத் திருப்பினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நான் தென்காசியிலும் புனலூரிலும் கல்யாணம் எடுக்கிறவன், தாலி கட்டுகிற நேரத்தில் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 160 கிராம் எடை, 35 செ.மீ. வரை கிட்டே போய் ஃபோகஸ் செய்யலாம், உன் பணத்துக்குள் புதுசாகவே வாரண்டியோடு கிடைக்கும். வேறு எந்த லென்ஸும் இந்த விலைக்கு இவ்வளவு மாற்றத்தைக் காட்டாது.

நத்தைகுத்தி:
மண்டபம் அண்ணாச்சி சொன்ன கணக்கு சரி, ஆனால் அது அவர் தொழிலுக்கான கணக்கு. தம்பி எழுதிய பட்டியலைத் திரும்பப் படியுங்கள், வீட்டு விசேஷத்தையும் குழந்தையையும் விட்டால் மற்றதெல்லாம் வெட்டவெளி. அங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை, எட்டாத தூரம்தான் பிரச்சினை. 50 எம்எம் என்ற பார்வை ஏற்கெனவே 18-55க்குள் இருக்கிறது. அதை வாங்கினால் பின்னணி மங்கலாக வரும், இருட்டில் எடுக்க வரும், ஆனால் இதுவரை எட்டாத ஒன்றுகூட எட்டாது. 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் போட்டால் 1500டியில் அது பெரிய சென்சார் உள்ள முழு பிரேம் கேமராவின் 400 எம்எம் பார்வைக்குச் சமம். தென்மலையில் மலையணில் உச்சிக் கிளையை விட்டு இறங்கி வந்து நமக்கு நிற்காது.

சுந்தரபாண்டியபுரத்தையே எடுத்துக்கொள். அங்கே மலை மேற்கே. முற்றிய சூரியகாந்திப் பூ கிழக்கு பார்த்து நிற்கும். அதனால் காலையில் தோட்டத்துக்குக் கிழக்கே நின்று மேற்கே பார்த்தால் பூவின் முகத்திலும் வெயில், பின்னால் மலையிலும் வெயில். இதை எல்லோரும் பூவுக்குக் கிட்டே போய் 18ல் எடுப்பார்கள், படத்தில் மலை சின்ன வரப்பு மாதிரித் தெரியும், நேரில் பார்த்த பிரமிப்பு எங்கே போயிற்று என்று கேட்பார்கள். நாலு வயல் தள்ளிப் பின்னால் வந்து 150ல் எடுத்துப் பார், அதே மலை பூக்களுக்குப் பின்னால் சுவர் போல எழுந்து நிற்கும். நிற்கிற தூரம் மாறினால் முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள அளவு மாறுகிறது, அந்தத் தூரத்தில் நின்று எடுக்கத்தான் நீளமான லென்ஸ். 50ஐ வைத்துக்கொண்டு அவ்வளவு பின்னால் போனால் பூ பொட்டுப் பொட்டாகத்தான் விழும்.

ஒரு எச்சரிக்கை. தூரம் வேண்டும் என்று 75-300 வாங்கிவிடாதே. விலை குறைவு, இரட்டை லென்ஸ் கிட் என்று சேர்த்தும் விற்கிறார்கள், ஆனால் அதில் ஐஎஸ் கிடையாது, 300ல் படம் மெத்தென்று வரும். 250ல் முடிந்தாலும் 55-250 எஸ்டிஎம் எத்தனையோ மேல்.

மண்டபம்_கேமரா:
காடு என்று சொல்கிறீர்களே, ஆரியங்காவு காட்டுக்குள் மரத்தடியில் வெளிச்சம் எவ்வளவு என்று பார்த்திருப்பீர்கள். உங்கள் 250ல் எஃப்5.6தான் அதிகபட்சத் திறப்பு. ஐஎஸ் கையாட்டத்தை மூன்று ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) தாங்கும் என்றாலும் ஓடுகிற அணிலுக்கு 1/500 வேண்டும், அதற்கு ஐஎஸ்ஓ 6400 போக வேண்டும், 1500டியில் அந்த ஐஎஸ்ஓவில் படம் எவ்வளவு பொரிப் பொரியாக வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு 55-250 புதுசு 15,000க்குள் வராது. செகண்ட் ஹேண்ட் போக வேண்டும், புதிதாகப் படிக்கிற பையனை அந்தச் சந்தைக்குள் தள்ளுகிறீர்கள்.

பத்தடி_ஹால்:
நான் சொல்லப்போவது இரண்டு பேருக்கும் பிடிக்காது. அக்கா குழந்தையை எடுக்கத்தான் 50 என்றால், தம்பி வீட்டு ஹால் எத்தனை அடி? 1500டியின் சென்சார் சின்னது, அதில் 50 போட்டால் 80 எம்எம் பார்வைதான். கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் நிற்கிற ஒரு ஆளைத் தலையிலிருந்து கால் வரை எடுக்க பன்னிரண்டு அடி பின்னால் போக வேண்டும், எங்கள் வீட்டில் அந்தத் தூரத்தில் அடுப்படிச் சுவர் வந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் தோள் வெட்டுப்படும். 24 எம்எம் எஃப்2.8 எஸ்டிஎம் என்று ஒன்று இருக்கிறது, தோசைக்கல் மாதிரித் தட்டை, 125 கிராம். ஆறடியில் முழு ஆள் அடங்குவார். 16 செ.மீ. வரை கிட்டே போகலாம், குழந்தை விரல், கோலம், இலையில் பரிமாறிய சாப்பாடு எல்லாம் எடுக்கலாம். பெரிய லென்ஸைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெரியவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

மண்டபம்_கேமரா:
அக்கா, ஹால் அளவு பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், 50ல் அறைக்குள் குரூப் போட்டோ எடுக்க முடியாது. ஆனால் 24ல் கிட் லென்ஸே ஏறக்குறைய எஃப்4 கொடுக்கிறது. நீங்கள் சொல்வது எஃப்2.8, ஒரு ஸ்டாப்தான் லாபம். 50ல் மூன்று ஸ்டாப்புக்கு மேல் லாபம். பட்ஜெட்டில் பெரும்பகுதியை ஒரு ஸ்டாப்புக்காகவா செலவு செய்வது?

பத்தடி_ஹால்:
மூன்று ஸ்டாப் லாபம் முழுசாகக் கைக்கு வராது அண்ணாச்சி. ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்1.8 வைத்தால் கூர்மையாக விழுகிற ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. குழந்தைக்குக் கண் தெளிவு, காது மங்கல், அது கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் கண்ணும் போச்சு. 1500டியில் ஒன்பது ஃபோகஸ் புள்ளி, அதில் நடுப்புள்ளி மட்டும்தான் கிராஸ் டைப், அதாவது இரண்டு திசையிலும் பார்த்துத் துல்லியமாகப் பிடிப்பது. புதிதாகப் பழகுகிறவர் எஃப்1.8ல் ஃபோகஸ் தவறிய படங்களைப் பார்த்து லென்ஸ் கோளாறு என்று நினைத்துவிடுவார். எஃப்2.8க்கு மூடி எடு என்று நீங்களே சொல்வீர்கள், அப்போது என் 24க்கும் உங்கள் 50க்கும் வெளிச்சத்தில் வித்தியாசம் என்ன?

புதுவழி:
நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். 1500டி மாதிரி டிஎஸ்எல்ஆர்களின் காலம் முடிந்துவிட்டது, கேனான் இப்போது புது லென்ஸ் எல்லாம் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களின் ஆர்எஃப் மவுண்டுக்குத்தான் (லென்ஸ் மாட்டுகிற வாய்) கொண்டுவருகிறது. இந்த 15,000ஐ பழைய மவுண்டில் போடாமல் வைத்திருந்து, மேலே சேர்த்து, ஒரு மிரர்லெஸ்ஸாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

நத்தைகுத்தி:
தம்பிக்கு இந்த ஆனி ஆடிச் சாரலில் எடுக்க வேண்டும், நீங்கள் என்றோ ஒருநாளைச் சொல்கிறீர்கள். பணமும் வீணாகாது. கேனான் 2018ல் ஆர்எஃப் கொண்டுவந்தபோதே டிஎஸ்எல்ஆரின் இஎஃப் வகை லென்ஸ் மாட்ட அடாப்டரும் விட்டது, 50, 24, 55-250 மூன்றுமே அதில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். பிற்பாடு மாறினாலும் லென்ஸ் கூடவே வரும்.

நெல்லை_நிக்கான்:
இதைப் படிக்கிற நிக்கான்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. டி3500 மாதிரி டி3000 வரிசை, டி5000 வரிசை கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று 50 எஃப்1.8டி வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கிற, ஏஎஃப்-எஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சின்ன சென்சாருக்கான டிஎக்ஸ் 35 எஃப்1.8ஜி இருக்கிறது, மண்டபம் அண்ணாச்சி கேட்கிற வெளிச்சமும் ஹாலுக்கு ஏற்ற அகலமும் ஓரளவு இரண்டும் கிடைக்கும்.

மேக்கரை_மழை:
எல்லோரும் தம்பிக்காகத் தங்கள் லென்ஸைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், தம்பி எடுத்த படங்களை யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு படத்துக்குள்ளும் எந்த எம்எம்மில், எந்த ஷட்டரில், எந்த ஐஎஸ்ஓவில் எடுத்தது என்று பதிவாகியிருக்கும், கம்ப்யூட்டரில் பிராப்பர்ட்டீஸ் திறந்தாலே தெரியும். உனக்குப் பிடித்த படங்களை ஒரு ஃபோல்டரில் போடு, வீணாய்ப்போனதை இன்னொன்றில் போடு, இரண்டிலும் எண்களைப் பார். 55லேயே முட்டிக்கொண்டு நின்றிருந்தால் உனக்குத் தூரம் போதவில்லை. 18லேயே குவிந்திருந்தால் இடம் போதவில்லை. 1/20க்குக் கீழே எல்லாம் மங்கலாகியிருந்தால் வெளிச்சம் போதவில்லை. இதற்கு எங்கள் யாருடைய அபிப்பிராயமும் வேண்டாம்.

குற்றாலத்துக்கும் பாலத்துக்கும் புது லென்ஸே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதிமூன்று கண் பாலம் சாலையை ஒட்டியே நிற்கிறது, 18-55ல் முழுசாக அடங்கும். அருவி பட்டுத்துணி போல விழ வேண்டுமென்றால் ட்ரைபாட், எஃப்11, கால் நொடி, வெளிச்சம் மிஞ்சினால் அதைக் குறைக்கிற ஒரு என்டி ஃபில்டர், அவ்வளவுதான். அருவி ஓரத்தில் சாரலில் நின்று லென்ஸை மட்டும் கழற்றாதே, 1500டிக்கு ஈரத்தைத் தாங்குகிற சீல் எதுவும் இல்லை.

புளியரை_பையன்:
மேக்கரை அண்ணாச்சி சொன்ன மாதிரி பிரித்துப் பார்த்தேன். பிடித்த ஃபோல்டரில் பாதிக்கு மேல் 55ல் எடுத்தது, எல்லாம் வெளியில் எடுத்தவை, நாரை, மலை, தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். வீணான ஃபோல்டரில் பெரும்பாலும் வீட்டுக்குள் எடுத்த குழந்தைப் படம், 1/10, 1/15. இப்போது குழப்பம் கூடிவிட்டது. பிடித்ததற்கு வாங்குவதா, வராததற்கு வாங்குவதா?

மண்டபம்_கேமரா:
வராததற்குத்தான், அதில் என்ன சந்தேகம். நாரை அடுத்த வருஷமும் குளத்துக்கு வரும். குழந்தை அடுத்த வருஷம் இந்த வயதில் இருக்காது.

நத்தைகுத்தி:
குழந்தைப் படத்துக்குக் காசில்லாத வழி இருக்கிறது. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, காலையில் வாசல் கதவைத் திறந்துவைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி குழந்தையை உட்கார வை. கிட் லென்ஸை 35க்கு மேல் திருப்பாதே, ஐஎஸ்ஓ 1600, தேவைப்பட்டால் 3200, ஷட்டர் 1/125க்குக் குறையாமல் பார்த்துக்கொள். கொஞ்சம் பொரி விழும், மங்கலைவிடப் பொரி பரவாயில்லை. ஆனால் 55ல் நிற்கிற லென்ஸை 250க்கு இழுக்க இந்த மாதிரி வழி எதுவும் கிடையாது. கிராப் செய்தால் இலை, இறகு எல்லாம் கரைந்துபோகும். ஒரு வேலையைக் கையிலிருக்கிற லென்ஸை வைத்து முக்கால்வாசி முடிக்கலாம், இன்னொன்றை முடிக்கவே முடியாது என்றால் பணத்தை எங்கே போட வேண்டும்?

பத்தடி_ஹால்:
வாசல் வெளிச்சம் நல்ல யோசனைதான். ராத்திரி விசேஷத்துக்கு அது உதவாது என்றாலும், தம்பியின் பிடித்த ஃபோல்டரைக் கேட்டபிறகு 24 வாங்கு என்று நானும் வற்புறுத்த மாட்டேன்.

புளியரை_பையன்:
முடிவு செய்துவிட்டேன், 55-250. எடுக்கப் பிடித்ததை எடுத்தால்தான் தினமும் கேமராவைக் கையில் எடுப்பேன் என்று படுகிறது. குழந்தைக்கு நாளைக் காலையே வாசல் கதவு யோசனையைப் பார்க்கிறேன். புனலூரில் ஒருவர் செகண்ட் ஹேண்டில் பட்ஜெட்டுக்குள் தருகிறார், ஞாயிற்றுக்கிழமை போகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

மண்டபம்_கேமரா:
நான் 50தான் சொல்வேன், அதில் மாற்றமில்லை. ஆனால் போகிறாய் என்றால் வெறுங்கையோடு போகாதே, உன் கேமராவையும் சின்ன டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போ. மலைக்கு அந்தப்பக்கம் ஈரம் அதிகம், லென்ஸுக்குள் வளர்கிற ஃபங்கஸ் என்கிற பூஞ்சைதான் முதல் பயம். இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பார். தூசி நாலு இருந்தால் படத்தில் தெரியாது, சிலந்தி நூல் மாதிரிக் கிளை பிரிந்து ஓடினால் அது ஃபங்கஸ். அப்புறம் 55, 135, 250 மூன்றிலும் எழுத்துள்ள போர்டு ஒன்றை எடுத்து முழுசாகப் பெரிதாக்கி நடுவும் நாலு மூலையும் பார், ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸ் கீழே விழுந்திருக்கும். 250ல் ஐஎஸ் சுவிட்சைப் போட்டும் அணைத்தும் 1/60ல் எடுத்தால் ஐஎஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பெயர் வளையத்தில் எஸ்டிஎம் என்று இருக்கிறதா என்றும் பார், எஸ்டிஎம் இல்லாத பழைய மாடலும் அதே 55-250 பெயரில் சுற்றுகிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பையிலேயே வைத்துவிடாதே, காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. ஃபங்கஸ் தெரிந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம், சுத்தம் செய்யக் கொடுக்கிற காசு உனக்கு மிச்சமாகிற காசைவிட அதிகமாகிவிடும். முன்பணம் எதுவும் இப்போதே அனுப்பிவிடவில்லையே?

புளியரை_பையன்:
அனுப்பவில்லை அண்ணாச்சி. பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.