ஊற்று நீரை மட்டும் நம்பிப் புவிவெப்பக் கிணறு தோண்டலாமா?

நிலத்தடி:
ஒரு வெந்நீர் ஊற்றின் ஆய்வக முடிவு கையில் இருக்கிறது. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் சிலிக்கா 100, சோடியம் 400, பொட்டாசியம் 20, மக்னீசியம் 2. கரைந்த சிலிக்காவின் அளவிலிருந்து ஆழத்துச் சூட்டைக் கணிக்கும் குவார்ட்ஸ் சமன்பாட்டில் போட்டால் 137 டிகிரி செல்சியஸ். சோடியம்-பொட்டாசியம் விகிதமோ 182 என்கிறது. ஆழத்தில் மின்சாரம் எடுக்கும் அளவு சூடு இருப்பது இதிலேயே தெரிகிறதே! தோண்டினால்தான் நம்புவேன் என்று ஏன் அடம்பிடிக்க வேண்டும்?

துளைக்கருவி:
உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். சிலிக்கா கரைந்தது குவார்ட்ஸின் நுண்படிக வடிவமான சால்செடோனியிலிருந்து என்றால் அதே 100-க்கு 110 டிகிரிதான். பொட்டாசியம்-மக்னீசியம் போட்டுப் பாருங்கள், 104 வரும். ஒரே தண்ணீருக்கு 104-உம் 182-உம். எதை நம்புவது?

நிலத்தடி:
பொட்டாசியம்-மக்னீசியம் சீக்கிரம் மாறிவிடும். தண்ணீர் மேலே வரும் வழியில் ஆறிய சூட்டைத்தான் அது காட்டும். சோடியம்-பொட்டாசியம் மெதுவாக மாறுவதால் ஆழத்துச் சூடு அதில் தங்கியிருக்கும்.

துளைக்கருவி:
ஆழத்தில் பாறையோடு சமநிலைக்கு வந்த நீர் என்றால் சரி. புவிவேதியியலாளர் கிகன்பாக் 1988-ல் தந்த சோடியம்-பொட்டாசியம்-மக்னீசியம் முக்கோண வரைபடத்தில் உங்கள் நீரைக் குறித்தேன். அந்த வரைபடத்தின் கணக்கில் மக்னீசியத்தின் பங்கு 70 சதவீதம். பக்குவமடையாத, அதாவது பாறையோடு இன்னும் சமநிலைக்கு வராத நீரின் எல்லைக்கோட்டை ஒட்டியே விழுகிறது. 182-ஐ இதில் அப்படியே எடுக்க முடியாது.

மாதிரிக்குப்பி:
இரண்டு பேரும் வாயுவை மறந்துவிட்டீர்கள். காற்றை வெளியேற்றிய குப்பியில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை வைத்து ஊற்றின் குமிழிகளைப் பிடிப்போம். கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் கரைசலில் கரைந்துவிடும். ஹைட்ரஜன், மீத்தேன், நைட்ரஜன், ஹீலியம் மேலே தங்கும். ஒருமுறை என் குழாய் இணைப்பு தளர்ந்து வெளிக்காற்று புகுந்துவிட்டது. ஆய்வில் ஆக்சிஜன் தெரிந்ததும் அந்த மாதிரியையே ஒதுக்க வேண்டியதாயிற்று.

ஹீலியம்-3-க்கும் ஹீலியம்-4-க்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். மேலோட்டுப் பாறையிலிருந்து வந்தால் காற்றிலுள்ளதில் ஐம்பதில் ஒரு பங்கு; மேலோட்டுக்குக் கீழுள்ள மேன்டிலிலிருந்து என்றால் சுமார் 8 மடங்கு. அடியில் மாக்மா என்னும் உருகிய பாறைக்குழம்பு இருக்கிறதா என்பதற்கு இது நல்ல தடயம். அப்புறம், சிலிக்கா மாதிரியை ஊற்றடியிலேயே சுத்தமான நீர் சேர்த்து நீர்த்துக்கொண்டீர்களா? ஆறும்போது சிலிக்கா ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும்.

நிலத்தடி:
இல்லை, நீர்க்கவில்லை. அப்படியானால் என் 137-உம் சந்தேகத்துக்குரியதுதான்.

துளைக்கருவி:
மறுபடி எடுங்கள், குளோரைடும் சேர்த்து. சுற்றியுள்ள ஊற்றுகளில் குளோரைடோடு சிலிக்காவும் சேர்ந்து குறைந்தால் மேல்நீர் கலக்கிறது என்று தெரியும். ஆனால் பாறையில் நீர் ஓட விரிசல் இருக்கிறதா, கிணறு எவ்வளவு தரும் என்பதை எந்தக் குப்பியும் சொல்லாது. அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நிலத்தடி:
அதைக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எந்த இடத்தில் முதல் துளை என்பதை வேதியியல்தான் சொல்ல வேண்டும். அடுத்த முறை ஐந்து ஊற்றுகளிலும் எடுத்து வருகிறேன், வாயுவோடு.