“7 யார்டுல ஜீரோ பண்ணினா போதும்” என்ற புண்ணியவானுக்கு

நடுவட்டம்:
பக்கத்துத் திரியில் ஒருவர் அருள்வாக்கு சொல்லியிருக்கிறார்: “60 டாலருக்குச் சிவப்பு லேசர் வாங்கி க்ளாக் 19 கைத்துப்பாக்கில மாட்டு, 7 யார்டுல ஜீரோ பண்ணு. அப்புறம் எந்தத் தூரத்துலயும் புள்ளி எங்கேயோ குண்டு அங்கே.” 60 டாலர் சரி. கடைசி வரி சுத்த உளறல். ஜீரோ என்பது ஒரு குறிப்பிட்ட தூரத்தில் புள்ளியும் குண்டும் ஒரே இடத்தில் விழும்படி லேசரைச் சரிசெய்வது, அவ்வளவே. லேசர் குழலுக்குக் கீழே ஏறக்குறைய 1 அங்குலம் தொங்குகிறது. 7 யார்டில் இரண்டும் சேர வேண்டுமானால் கதிர் மேல்நோக்கிச் சாய்ந்தாக வேண்டும். சேர்ந்த பிறகு கதிர் ஏறிக்கொண்டே போகும்: 14 யார்டில் 1 அங்குலம் மேலே, 21-ல் 2, 25-ல் இரண்டரை. 9 எம்எம் குண்டின் இறக்கத்தையும் சேர்த்தால் 25-ல் துளை புள்ளிக்கு 3 அங்குலத்துக்கும் கீழே விழும். 15-ல் ஜீரோ செய்தால் 7-ல் அரை அங்குலம் மேலே, 25-ல் 1 அங்குலம் கீழே. அவ்வளவுதான் வித்தியாசம்.

டல்லஸ்காரன்:
அந்த “ஒருவர்” நான்தான். பேரைச் சொல்ல என்ன கூச்சம்? 25 யார்டுல லேசரை நம்பி யாரு சுடறா? உள்ளரங்க ரேஞ்சுல அட்டையை 7-ல தொங்கவிட்டு அடிக்கிறதுக்குத்தான் இந்தப் பொருளே. 25-ல பலபேரோட க்ரூப் 4 அங்குலம் தாண்டும், அதுல போய் 3 அங்குலம் தேடறாராம். 7 யார்டு. அவ்ளோதான்.

நடுவட்டம்:
க்ரூப் என்பது துளைகளின் சிதறல். ஜீரோ தப்பினால் அந்தச் சிதறல் மொத்தமும் 3 அங்குலம் கீழே இறங்கும். இரண்டையும் குழப்புகிறவர் பிறருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். “எந்தத் தூரத்துலயும்” என்று எழுதியது யார்?

பச்சைப்புள்ளி:
தூரம் கிடக்கட்டும். முதலில் பெட்டியில் அலைநீளத்தைப் படியுங்கள். 650 நானோமீட்டர் என்று போட்டிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடலாம். அதே 5 மில்லிவாட்டில் 635 கண்ணுக்கு இரண்டு மடங்கு தெரியும், 520 பச்சை ஆறு மடங்குக்கு மேல். 532 பச்சை வேறு ஜாதி: 808 டயோடு படிகத்தைத் தூண்டி 1064 ஆக்கி, அதைப் பாதியாக்கி 532. குளிரில் மங்கிவிடும். மலிவில் வேண்டுமானால் நேரடி டயோடு 520.

டல்லஸ்காரன்:
பச்சை டயோடுக்கு வோல்ட் அதிகம், பேட்டரியைக் குடிச்சுடும். உள்ளரங்கத்துல 635 சிவப்பே கண்ணைக் குத்தும். வெயில்ல சுடறவங்க பச்சை வாங்கிக்கட்டும். யாரும் கேட்காத பாடம்.

தனித்தமிழன்:
சீரொளி என்று அழகான சொல் இருக்கும்போது எல்லோரும் லேசர் லேசர் என்று எழுதுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பச்சைப்புள்ளி:
க்ளாக்குக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டு வாருங்கள் ஐயா.

நடுவட்டம்:
சொல்லாராய்ச்சிக்குத் தனித் திரி திறந்துகொள்ளுங்கள். மலிவு லேசர் கெடுவது நிறத்தால் அல்ல, பிடிப்பால். க்ளாக் ரெயிலில் (குழலுக்குக் கீழே லேசர் மாட்டும் தடத்தில்) ஒரே ஒரு குறுக்குப் பள்ளம், அதுவும் ராணுவத் தர அளவான 1913 ரெயிலின் பள்ளத்தைவிடக் குறுகல். அந்தப் பள்ளத்தில் பொருந்தவேண்டிய லேசரின் கட்டை அகலமாக இருந்தால் உள்ளே இறங்காமல் மேலேயே உட்காரும். ஒவ்வொரு வெடிக்கும் லேசர் மயிரிழை முன்னால் நகரும். பெட்டியில் இரண்டு அளவுக் கட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாட்டும் முன் மேகசினை (குண்டுக் கூட்டை) கழற்றி, துப்பாக்கியின் குண்டறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்க. பிறகு 15 யார்டில் மணல்மூட்டை மேல் கையை ஊன்றி, புள்ளியை மையத்தில் வைத்து 5 குண்டு. துப்பாக்கியை மறுபடி அதே இடத்தில், புள்ளி மையத்தில் இருக்கும்படி அசையாமல் நிறுத்திவிட்டு, திருகைத் திருப்பிப் புள்ளியைக் க்ரூப்பின் நடுவுக்குக் கொண்டுபோக வேண்டும். பலர் தலைகீழாகச் செய்து, மூட்டையோடு சண்டை போடுகிறார்கள். திருகு முட்டினால் நிறுத்துங்கள். அழுத்தினால் உள்ளே மரை வழுக்கிவிடும். ரெயில் திருகுக்கு நீல லாக்டைட் (மரைப் பசை) ஒரு சொட்டு, தலையிலிருந்து உடல்வரை பெயிண்டில் ஒரு கோடு. 50 குண்டுக்குப் பிறகு கோடு உடைந்திருந்தால் ஜீரோ போயிற்று. சரிசெய்யும் திருகில் லாக்டைட் விடாதீர்கள்.

டல்லஸ்காரன்:
போன மாசம் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) திரியிலயும் இப்படித்தான் கதாகாலட்சேபம் பண்ணினார். லேசர் மாட்டினா பழைய ஹோல்ஸ்டர்ல நுழையாதுன்னு நான் ஒரே வரில சொன்னதை நாலு பத்தி எழுதினார். குண்டே போடாம ட்ரை ஃபயர் பண்ணி, ட்ரிகர் இழுக்கறப்போ புள்ளி எந்தப் பக்கம் துள்ளுதுன்னு பார்க்கறதுதான் லேசரோட முழு லாபம். அதுக்கு 7-ல ஜீரோ போதும்.

நடுவட்டம்:
அதற்கு ஜீரோவே தேவையில்லை. புள்ளி துள்ளுகிறதா என்று பார்க்க எந்த ஜீரோவும் ஒன்றுதான். உங்கள் வாதத்தை நீங்களே புதைத்துவிட்டீர்கள்.

டல்லஸ்காரன்:
1 அங்குலம் தொங்குதுன்னு ஆரம்பிச்சீங்களே, காலிப்பர் வச்சு அளந்தீங்களா?

நடுவட்டம்:
குழல் மையத்திலிருந்து லேசர் கண்ணின் மையம் வரை அளக்க வேண்டும். மாடலுக்கு மாடல் மாறும். 0.8 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டுக் கணக்கில் மட்டும் 25-ல் 2 அங்குலம். இறக்கம் தனி.

டல்லஸ்காரன்:
ஆக 3 இப்ப 2 ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு பதிவு போடுங்க, 1 ஆயிடும். 7 யார்டு.